நிமிஷத்துக்கு முப்பது மூச்சு

அத்தியாயம் 14

சத்தம் வந்தபோது முனியராஜ் தோசையைப் பிய்த்து வாயருகே கொண்டுபோயிருந்தான்.

அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஓட்டுக்கு அடியிலிருந்து ஒரு பிடி தூசி சட்னியில் விழுந்தது. கையைக்கூடக் கழுவாமல் அவன் தெருவுக்கு ஓடினான்.

அதற்குள் தெரு நிறைந்துவிட்டிருந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஈரத் துண்டோடு நின்றார்கள். ஒருத்தி ஒரு பக்கம் மட்டும் பின்னிய சடையோடு நின்றாள். எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள்.

சிவகாசியைச் சுற்றியுள்ள ஊர்களில் சத்தம் கேட்டால் முதலில் புகையைத்தான் தேடுவார்கள். புகை எழும் திசையில் எந்தப் பட்டாசுக் கம்பெனி, அந்தக் கம்பெனியில் யார் வீட்டு ஆள் என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பார்கள். ஓட்டி முடிப்பதற்குள் நாலு பேர் போனைக் காதில் வைத்திருப்பார்கள்.

புகை இல்லை.

எதிர்வீட்டுப் பேச்சியம்மாள்தான் முதலில் மூச்சு விட்டாள்.

"முதல்ல தரை நடுங்குச்சு. பெறகுதான் சத்தம். கம்பெனின்னா முதல்ல காதுல்ல அடைக்கும். இது குவாரிக்காரன் வச்ச வேட்டு. போய்ப் பொளைப்பைப் பாருங்கப்பா."

அவள் சொன்னால் சரியாக இருக்கும். முப்பது வருஷமாகச் சத்தம் கேட்டுப் பழகிய காது. அவிழ்ந்த துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்ட ஒருவனைப் பார்த்து யாரோ கேலி பேச, தெரு சிரித்தபடி கலைந்தது.

முனியராஜ் திரும்பினான். வீட்டுக்குள்ளிருந்து அக்கா பானுப்பிரியாவின் குரல் வந்தது. கத்தவில்லை. பெயரை மட்டும் சொன்னாள்.

"முனி."

நாய் துரை வீட்டு நடையில் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. நாலு கால்களும் விறைத்திருந்தன. நாக்கு சிமெண்டுத் தரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இளஞ்சிவப்பாக இருக்கும் ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பானுப்பிரியா அதன் விலாவில் உள்ளங்கையை வைத்துக் குனிந்திருந்தாள்.

"தரை நடுங்கவும் எந்திரிச்சு வாசலைப் பார்த்தான். அப்படியே சாஞ்சுட்டான்லே."

முனியராஜ் மண்டியிட்டான். தன் நெஞ்சில் அடிக்கிற சத்தம்தான் அவனுக்குக் கேட்டது. நாயின் நெஞ்சில் ஏதாவது அடிக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, கோணிக்குள் அடைபட்ட எலி புரளுகிற மாதிரி ஏதோ புரண்டது. கால்கள் மெல்லத் தளர்ந்தன. துரை கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது. பார்த்துவிட்டு, அவன் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் அங்கே பார்த்தது. வால் ஒரு தடவை தரையைத் தட்டியது.

முனியராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே பூட்டிக் கிடக்கும் முன்வீட்டின் கதவு மட்டும்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

துரை காது கேட்காத நாய். ராஜபாளையத்து வெள்ளை. அந்த ஜாதியில் சில குட்டிகள் செவிடாகவே பிறக்கும். வளர்க்கிறவர்கள் அதை விற்க முடியாமல் கேட்டவர்களுக்குச் சும்மா கொடுத்துவிடுவார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒன்றை முனியராஜ் சட்டைக்குள் போட்டுத் தூக்கி வந்தபோது, பட்டாசு ஊருக்கு இதைவிட வாகான நாய் கிடையாது என்று தெருவே சிரித்தது. தீபாவளிக்கு மற்ற நாய்களெல்லாம் கட்டிலுக்கடியில் ஒடுங்கும். இது நடுத்தெருவில் வெள்ளைக்கார துரை மாதிரி கால் நீட்டிப் படுத்திருக்கும். பெயர் அப்படித்தான் வந்தது.

காது கேட்காத நாயைக் கூப்பிட வழி கண்டுபிடித்தவன் அன்பரசன். பானுப்பிரியாவின் புருஷன். ஒரே காம்பவுண்டில் முன்வீட்டில் அவர்கள், பின்வீட்டில் முனியராஜும் அவன் அம்மா முருகம்மாளும். அன்பரசனுக்கு அச்சகத்தில் நைட் ஷிப்ட். காலை ஏழு மணிக்கு வந்து வாசலில் நின்று குதிகாலால் தரையை இரண்டு தடவை மிதிப்பான். துரை எங்கே படுத்திருந்தாலும் அதன் வயிற்றில் அது தட்டும். வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடிவரும்.

அன்பரசன் போய்ப் பதினாலு மாசம் ஆகிறது. முன்வீட்டைப் பூட்டிவிட்டுப் பானுப்பிரியா மகள் ஓவியாவோடு பின்வீட்டுக்கு வந்துவிட்டாள். துரை இன்னும் காலை ஏழு மணிக்கு எழுந்து முன்வீட்டு வாசலுக்குப் போகிறது. யாரும் மிதிக்காத தரையைப் பார்த்து வாலாட்டுகிறது. சில நாட்களில், அது எழுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, முனியராஜுக்கும் அந்த இரண்டு மிதி கேட்டுவிடுகிறது.

அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் வைத்திருக்கிற பெரிய விஷயத்துக்குப் பக்கத்தில் இது ஒன்றுமே இல்லை.

முருகம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து நின்றாள். மனுஷிக்குப் பிரஷர் மாத்திரை வாங்கிவர நாலு நாள் நினைவூட்ட வேண்டியிருக்கிறது, நாய்க்கு மட்டும் வேளை தவறாமல் இரண்டு மாத்திரை என்று தினமும் புலம்புகிறவள் அவள். இன்றைக்குப் புலம்பவில்லை. துரையின் நாக்கைத் தண்ணீரால் நனைத்தாள்.

"மூச்சு எம்புட்டு?" என்று முனியராஜ் கேட்டான்.

பானுப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள். கட்டைவிரல் மற்ற விரல்களின் ரேகைகளைத் தொட்டுத் தொட்டு ஓடியது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கம்பெனியில் சரம் பின்னியவள். வாய் பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டிருக்க, விரல்கள் வெடிகளை எண்ணிக்கொண்டே போகும். ஒன்று தவறாது. இப்போது வீட்டில் உட்கார்ந்து வெடிக்கான காகிதக் குழாய் உருட்டுகிறாள். உருட்டிக்கொண்டே துரையின் மூச்சை எண்ணுகிறாள். துரைக்கு இதய நோய். தூங்கும்போது நிமிஷத்துக்கு முப்பதுக்கு மேல் போனால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். டாக்டர் சொன்னதாக முனியராஜ் வந்து சொன்னது. அன்றிலிருந்து எண்ணிக்கையைச் சுவர்க் காலண்டரில் எழுதி வருகிறாள். போன வருஷத்துக் காலண்டர். அன்பரசன் அச்சகத்திலிருந்து கொண்டுவந்தது. அதைக் கழற்ற அவள் விட்டதில்லை. போன வருஷத்துக் கட்டங்களில் இந்த வருஷத்து மூச்சுகள் ஏறின. இருபத்திரண்டு, இருபத்தாறு, இருபத்தொன்பது. நேற்று முப்பத்து மூன்று.

"ஐம்பத்தெட்டு" என்றாள் கண்ணைத் திறந்து.

முனியராஜ் துரையை இரண்டு கைகளிலும் அள்ளிக்கொண்டு எழுந்தான்.

வாசலில் அவனுடைய குட்டியானை லோடு வண்டி நின்றது. வெடி விபத்துக்குப் பிறகு கம்பெனி வேலைக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அச்சகங்களிலிருந்து லேபிள் கட்டுகளைக் கம்பெனிகளுக்கு ஏற்றிச் செல்லும் வண்டி ஓட்டுகிறான். பின்னால் இன்றைக்குச் சேர்க்க வேண்டிய கட்டுகள் அடுக்கியிருந்தன. அவற்றின்மேல் ஒரு பழைய போர்வையை விரித்து நாயைக் கிடத்தினான்.

"நானும் வாரேன்" என்றாள் பானுப்பிரியா.

அவன் கை தார்ப்பாய்க் கயிற்றில் நின்றது. இந்தப் பதினாலு மாசமாகத் துரையை விருதுநகர் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அவன் ஒருவன்தான். வேறு யாரையும் அவன் சேர்த்ததில்லை. ஓவியா பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடுவாள், வெயில் ஏறிவிடும், பின்னால் உட்கார இடமில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். பேத்தியைத் தான் பார்த்துக்கொள்வதாக முருகம்மாள் சொல்லிவிட்டாள்.

"லேபிள் கட்டு ஏறுது, நாய் ஏறுது, அக்கா ஏறுனா மட்டும் உன் வண்டி குடை சாஞ்சிருமாக்கும்" என்றபடி பானுப்பிரியா சேலையைச் செருகிக்கொண்டு பின்பக்கம் ஏறினாள். துரையின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டிரைவர் சீட்டுக்கு அடியில், பிளாஸ்டிக் கவருக்குள், துரையின் மருத்துவ அட்டை இருந்தது. அதை அவன் ஒரு நாளும் வீட்டுக்குள் கொண்டுபோனதில்லை. சாவியைத் திருகும்போது அது தன்னைச் சுடுவது போலிருந்தது.

விருதுநகருக்கு இரண்டு வழி. குறுக்கு வழியில் போனால் அரைமணி நேரம். ஆனால் அது அந்தக் கம்பெனியைத் தாண்டிப் போகும். முனியராஜ் எப்போதும் சுற்று வழியில்தான் போவான். இன்றைக்கு வண்டியைக் குறுக்கு வழியில் விட்டான். கம்பெனி வரும் இடத்தில் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினான். ஆனாலும் பின்கண்ணாடிக்குள் அக்காவின் முகம் அந்தப் பக்கம் திரும்புவது தெரிந்தது.

போன வருஷம் ஏப்ரல் ஒன்பதாம் தேதி, அங்கே வெடித்த ஒன்பதாம் அறையில் இருந்திருக்க வேண்டியவன் முனியராஜ்.

அவன் பிழைத்தது காய்ச்சலால் என்று ஊர் சொல்கிறது. அன்றைக்குக் காலையில் அவனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது, விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு ஊசி போடப் போனான், அதனால் தப்பினான். முருகம்மாள் அந்தக் காய்ச்சலுக்கு நன்றி சொல்லி மாரியம்மனுக்கு அக்னிச்சட்டி எடுத்தாள்.

காய்ச்சலே இல்லை. அன்று காலையில் துரை முதல் முறையாக மயங்கி விழுந்தது. முருகம்மாள் ஆறு மணிக்கே தீப்பெட்டிக் கம்பெனி வேனில் போய்விட்டிருந்தாள். நாய்க்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால் சீசன் நேரத்தில் எந்த ஃபோர்மேன் லீவு கொடுப்பார்? காய்ச்சல் என்று போன் போட்டான். ஃபோர்மேன் சங்கிலிமுத்து முனகினார். சீசனில் லீவு போடுகிறவன் தன் இடத்துக்கு ஓர் ஆளைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். ஆளைக் காட்டாவிட்டால் மறுநாள் அந்த இடம் வேறொருவனுக்குப் போய்விடும். போனால் போகட்டும் என்று முனியராஜ் துரையைக் கோணிப்பையில் சுற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்தான்.

அவன் டாக்டரின் அறை வாசலில் நின்றபோது, அவன் இடத்தில் அன்பரசன் போய் உட்கார்ந்திருந்தான். நைட் ஷிப்ட் முடித்துத் தூக்கம் கலையாத கண்களோடு. சங்கிலிமுத்துதான் போன் போட்டு அவனைக் கூப்பிட்டிருப்பார் என்று ஊர் பேசிக்கொண்டது. சங்கிலிமுத்துவும் அன்றைக்கே போய்விட்டதால் கேட்க ஆள் இல்லை.

துரைக்கு இதய நோய் வந்தது அந்த அதிர்ச்சியில், அன்பரசனைத் தேடித் தேடி, என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். முனியராஜ் அதையும் மறுக்கவில்லை.

அத்தானின் உயிர் போய், நாயின் உயிர் தங்கியது. இப்போது நாயும் போய்விட்டால் அன்றைக்கு நடந்ததற்கு என்ன மிச்சம்? இந்த ஒரு கேள்விதான் பதினாலு மாசமாக அவனைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. துரையின் மூச்சு முப்பதைத் தாண்டுகிற ஒவ்வொரு நாளும் அவனுக்கு அத்தானை இரண்டாம் முறை அனுப்பி வைப்பது போலிருந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் ஸ்ரீமதி காரியாபட்டிப் பக்கம் ஒரு பண்ணைக்கு மாடு பார்க்கப் போயிருந்தார். விஷயத்தைப் போனில் கேட்டுக்கொண்டு, ஆக்சிஜன் வைக்கும்படி உதவியாளர் செல்வக்குமாரிடம் சொன்னார். துரையின் மூக்கில் ஒரு பிளாஸ்டிக் குவளையைப் பொருத்தி, சிலிண்டரிலிருந்து குழாய் கொடுத்தார் செல்வக்குமார். அங்கே கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் என்று வந்தவரும், காலில் கட்டுப் போட்ட ஆட்டோடு வந்தவரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நாய்க்குக்கூட நெஞ்சுவலி வருமா என்று ஆட்டுக்காரர் கேட்டார்.

"வரும்" என்றாள் பானுப்பிரியா. "அதுக்கும் ஒண்ணுதான இருக்கு."

டாக்டர் வந்ததும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். இரண்டு ஊசி போட்டார். அரைமணி நேரத்தில் துரை நின்றபடியே குளம் குளமாகச் சிறுநீர் விட்டது. நுரையீரலில் தேங்கிய நீர் வடிகிறது என்று டாக்டர் விளக்கினார். இதயம் பலூன் மாதிரி ஊதி, சுவர் மெலிந்துவிட்டது, அடிக்கிற பம்புக்கு இழுவை இல்லை, அதனால் தண்ணீர் பின்வாங்கி நெஞ்சில் நிற்கிறது. குணப்படுத்த முடியாது. பார்த்துப் பார்த்து நடத்திக்கொண்டு போகலாம்.

"காது கேக்காதேன்னு அசால்ட்டா இருக்காதீங்க" என்றார். "தரை அதிர்றது அதுக்கு உடம்பு முழுக்கத் தெரியும். அட்டையைக் கொடுங்க."

முனியராஜ் கவரை நீட்டினான். நீட்டும்போது அக்காவுக்கும் டாக்டருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான். அதனால் பயன் இல்லை. டாக்டருக்கு வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் உண்டு.

"முதல் மயக்கம் போன வருஷம் ஏப்ரல் ஒன்பது. காலையில முதல் டோக்கன். அன்னைக்கே சொன்னேனே, இது கொஞ்ச நாளா உள்ள இருந்த நோய், இப்பத்தான் வெளிய தெரியுதுன்னு."

பானுப்பிரியா துரையின் வாயில் வழிந்த நுரையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தேதியைக் கேட்டு அவள் கை நிற்கும் என்று முனியராஜ் காத்திருந்தான்.

கை நிற்கவில்லை. துணியை மடித்து, சுத்தமான பக்கத்தைத் திருப்பி, மறுபடி துடைத்தாள்.

கேட்கவில்லையோ? கேட்டும் மனசில் ஏறவில்லையோ? ஆனால் அந்தத் தேதி இந்த ஊரில் யாருக்குத்தான் ஏறாது? சுவரொட்டியில், ரேஷன் கடைச் சுவரில், அன்பரசனின் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் இருந்த தேதி அது.

டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். மாத்திரை தவறாமல் கொடுக்கிறார்களா? கொடுக்கிறோம் என்றாள் பானுப்பிரியா. காலையும் மாலையும். ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

"அப்ப எப்படி இம்புட்டு நீர்?" வியப்பில் டாக்டருக்கே ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "மாத்திரையை எதுல வச்சுக் கொடுக்கீங்க?"

"சோத்துல வச்சா துப்பிருதான், டாக்டர். அதான் கருவாட்டுக்குள்ள வச்சுக் கொடுக்கேன். அவனுக்கு நெத்திலின்னா உசிரு. கண்ணை மூடிக்கிட்டு முளுங்கிருவான்."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உப்பு உடம்பில் நீரைப் பிடித்து நிறுத்தும், மாத்திரை அதை வெளியேற்றும், காலையும் மாலையும் இரண்டையும் ஒன்றாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். இனிமேல் உப்பு ஒரு கல்கூட வேண்டாம். மாத்திரையை உப்பில்லாமல் வேகவைத்த கோழித்துண்டில் வைக்கலாம், வாழைப்பழத்தில் வைக்கலாம். தெரியாமல் செய்ததுதானே என்றும் சொன்னார்.

பானுப்பிரியா எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து, முகத்தை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள்.

கேதத்து வீட்டில்கூட அவள் இப்படி அழுததில்லை. அன்பரசனை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்தபோது அவள் கல்லாக நின்றாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். ஊரே அதைப் பேசியது. இப்போது ஒரு நெத்திலிக் கருவாட்டுக்காக ஆட்டுக்காரரும் கன்றுக்குட்டிக்காரரும் பார்க்க அழுகிறாள்.

"நல்லதுன்னுதான செஞ்சேன்" என்று முந்தானைக்குள் சொன்னாள். "நல்லதுன்னுதான செஞ்சேன், டாக்டர்."

முனியராஜுக்கு அவளை எப்படித் தேற்றுவதென்று தெரியவில்லை. தேதிக்கு அசையாதவள் இதற்கு ஏன் உடைகிறாள் என்றும் புரியவில்லை.

மூன்று மணிக்குத் துரை தூங்கியது. அது தூங்கும்போது எண்ணிச் சொல்லச் சொன்னார் டாக்டர். பானுப்பிரியா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். விரல்கள் ஓடின. டாக்டர் தன் பங்குக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். இருவரும் ஒரே நேரத்தில் முப்பத்து நாலு என்றார்கள்.

"என்கிட்ட படிக்க வர்ற பிள்ளைகளுக்குக்கூட இவ்வளவு சரியா வராது" என்றார் டாக்டர். இன்னும் குறையும், வீட்டுக்குக் கூட்டிப் போகலாம், நாளை மறுநாள் கொண்டுவர வேண்டும் என்றார். எவ்வளவு நாள் இருக்கும் என்று முனியராஜ் கேட்டதற்கு, எண்ணிக்கையைப் பாருங்கள், நாளைப் பார்க்காதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது பானுப்பிரியா முன்சீட்டுக்கு வந்தாள். துரையைக் காலடியில் போட்டுக்கொண்டாள். எண்ணெய் மில் வாசனை போய்க் கந்தக வாசனை வரத் தொடங்கிய இடத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. முனியராஜ் சுற்று வழிக்கு வண்டியைத் திருப்பினான்.

"நேரா போ" என்றாள்.

"அக்கா, அந்தப் பக்கம் ரோடு சரியில்ல."

"காலையில சரியாத்தான இருந்துச்சு."

அவன் நேராகப் போனான். கம்பெனி வாசல் வந்ததும் அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். அவன் நிறுத்தினான். இன்ஜினை அணைக்கவில்லை. அவளே எட்டிச் சாவியைத் திருகினாள்.

கேட்டில் அதிகாரிகள் வைத்த அரக்கு சீல் வெயிலில் உருகி வழிந்திருந்தது. கம்பிக்குள்ளே அறைகள் தெரிந்தன. ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டியவை. எதற்கும் கூரையில்லை. வேப்பமரங்களில் ஒரு பக்கம் மட்டும் இலை இருந்தது. மறுபக்கம் இன்னும் கரிக்கட்டையாகவே நின்றது. நாலாவது மரத்துக்குப் பின்னால் ஒரே ஒரு சுவர் மட்டும் நின்றது. அதில் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்ததைச் சாலையிலிருந்தே படிக்க முடிந்தது.

அறை எண் 9. ஆட்கள் 4.

மூன்று பேரின் பெயர் முனியராஜுக்கு நினைவுக்கு வந்தது. முத்துக்கிருஷ்ணன், சிவபாண்டி, தங்கராசு. நாலாவதாகத் தன் பெயர் வந்தது. எப்போதும் அப்படித்தான் வரும். பிறகுதான் அதை அழித்து அத்தானின் பெயரை எழுதுவான்.

காற்று இல்லை. ஆனாலும் சுவருக்குப் பின்னால் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. காலடியில் துரை தலையைத் தூக்கியது. காதில் எதுவும் விழாத அந்த நாய், கேட்டைத் தாண்டி, அந்தச் சுவரையே பார்த்தது. வண்டியின் தகரத் தரையில் அதன் வால் மெல்லத் தட்டியது. ஒன்று. இரண்டு.

இதற்கு மேல் சுமக்க முடியாது என்று முனியராஜுக்குத் தோன்றியது. அட்டையில் தேதியைப் படித்தாகிவிட்டது. அக்காவுக்குக் கேட்டிருக்கும். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குக் கூட்டிப் பார்ப்பாள். அவளாகக் கண்டுபிடித்துக் கேட்பதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல்.

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். காய்ச்சல் என்று சொன்னது பொய். துரை விழுந்ததையும், சங்கிலிமுத்துவுக்குப் போன் போட்டதையும், கோணிப்பையில் நாயைச் சுற்றியதையும் சொன்னான். அம்மா அக்னிச்சட்டி எடுத்தபோது தடுக்கத் துணிவில்லாமல் கூட்டத்துக்குப் பின்னால் நின்றதைச் சொன்னான். தன் இடத்துக்கு யாரையும் போகச் சொல்லவில்லை, அத்தான் போவார் என்று கனவிலும் நினைக்கவில்லை என்று சொன்னான்.

"ஒரு நாய்க்காக அத்தானைக் கொன்னுட்டேன், அக்கா. என்னை என்ன செய்யணுமோ செய்யி. வீட்டை விட்டுப் போகச் சொன்னா இப்பவே போயிருதேன். தொரையை மட்டும் பார்த்துக்கோ."

பானுப்பிரியா அழவில்லை. அவனை அடிக்கவும் இல்லை. குனிந்து, துரையின் விலாவில் உள்ளங்கையை வைத்து, அது ஏறி இறங்குவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். பதினாலு மாசத்தில் முதல் தடவையாக நேருக்கு நேராக அவன் கண்ணைப் பார்த்தாள். பேசியபோது குரல் சத்தமில்லாமல், பக்கத்தில் தூங்குகிற யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் வந்தது.

"நீ அன்னைக்குத் தொரையைத் தூக்கிக்கிட்டு ஆட்டோ ஏறுனதைப் பார்த்துட்டுத்தான்லே, அப்பத்தான் கண்ணசந்த மனுசனைத் தட்டி எளுப்பி, 'தம்பி இடம் போயிரும், இன்னைக்கு ஒரு நாள் நீங்க போய் உக்காருங்க'ன்னு நான் அனுப்பி வச்சேன்."